தேடலில் வராத வரி

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். எந்தப் பிழையையும் சலித்து எடுத்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். நேரில் எல்லோரும் 'அக்கா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சல்லடை. அது அவளுக்கும் தெரியும். "ஓட்டைன்னு வைக்காம விட்டாங்களே, அதுவே பெருசு" என்பாள்.

இருபத்திரண்டு வயதில் தொலைபேசி விசாரணைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். எண் தெரியாதவர்கள் அழைத்துப் பெயரைச் சொல்வார்கள், அவள் தேடி எண்ணைச் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்குப் பெயரே பாதிதான் தெரியும். சின்ன ரகரமா பெரிய றகரமா என்று கேட்டால் "அதெல்லாம் எனக்கெப்படிம்மா தெரியும்?" என்று எரிந்து விழுவார்கள். 'அப்படி யாரும் இல்லை' என்று சொல்லி வைத்துவிடுவது சுலபம். ஆனால் அரை மணி நேரத்தில் அதே ஆள் மறுபடியும் அழைப்பார், இந்த முறை வசவோடு. அதனால் 'இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் இன்னொரு எழுத்துக்கூட்டலில் பார்த்துவிடுவது அவளுக்குப் பழக்கமாகிப்போனது. எட்டு வருடத்தில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு மாலை வகுப்புக்குப் போய்க் கணினி நிரல் எழுதப் படித்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் வேலை முடிந்து வந்து, வகுப்பு வாசலில் குழந்தையை வாங்கிக்கொண்டு போவார்.

இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் அந்த நிறுவனத்துக்கு வந்து பன்னிரண்டு வருடம். ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து லேபிள் அச்சடிக்கும் மென்பொருள்தான் அவர்கள் தொழில். டாக்டர் மருந்தின் அளவைக் கணினியில் பதிவார். கீழே மருந்தகத்தில் பிரிண்டர் ஒரு சின்ன லேபிளைத் துப்பும். அதை சிரிஞ்சிலோ மருந்துக் கோப்பையிலோ ஒட்டி வார்டுக்கு அனுப்புவார்கள். ஆறு ஆஸ்பத்திரிகளில் அது ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மாலைதான் ஆறிலும் புதிய பதிப்பை ஏற்றியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ்.

"உங்க லேபிள்ல அஞ்சு மில்லின்னு வந்திருக்கு. பூஜ்யம் அஞ்சு."

"பூஜ்யம் புள்ளி அஞ்சா, சிஸ்டர்?"

"அதத்தான் சொல்றேன். புள்ளி இல்ல. பூஜ்யம், அஞ்சு. அவ்வளவுதான். இது ஒம்பது நாள் குழந்தைக்கு. பூஜ்யம் முன்னாடி நிக்கிறதப் பார்த்துதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. இல்லன்னா..."



அவள் ரிசீவரைப் பிடித்தபடியே ஒரு காகிதத்தில் 0.5 என்று எழுதிப் புள்ளியை அடித்தாள். 05. அடுத்து 2.5 என்று எழுதி அதன் புள்ளியையும் அடித்தாள். 25. முன்னால் பூஜ்யம் இருந்தால் யாராவது நின்று பார்ப்பார்கள். இருபத்தைந்தை யார் பார்ப்பார்கள்? அதில் தப்பாகத் தெரிய ஒன்றுமே இல்லையே.

முதலாளியின் அறைக்கு ஓடினாள். அவர் அப்போதுதான் பையை மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஆறு ஆஸ்பத்திரியிலயும் லேபிள் அடிக்கிறத இப்பவே நிறுத்தச் சொல்லணும். கையால எழுதி ஒட்டட்டும்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. ஆனாலும், "ஒரு இடத்துல வந்ததுக்கு ஆறு இடத்துக்கும் சொல்லி நம்மளே தண்டோரா போடணுமா? முதல்ல என்னன்னு பாரு. அரை மணி நேரம் எடுத்துக்கோ" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் லிஃப்ட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணிடுவார், சார். என்ன ரிப்பேருன்னு அப்புறந்தான் பார்ப்பார். நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

அவர் அவளையே பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. தொலைபேசியை எடுத்தார். பத்து மணிக்குள் ஆறு மருந்தகங்களிலும் பிரிண்டரை நிறுத்திவிட்டார்கள்.

இனிமேல் தப்பான லேபிள் வராது. ஏற்கெனவே வந்துவிட்டவை?

சனிக்கிழமை வேலையைச் செய்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ஏணி. ஆறடி நான்கு அங்குலம், ஐம்பத்தாறு வயது, அலுவலகத்தில் டியூப் லைட் மாற்ற ஸ்டூல் தேவைப்படாத ஒரே ஆள். அவள் சொல்லச் சொல்ல அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நோயாளிங்க பேரு நீளமா வருதுன்னு லேபிளைத் திருப்பி அடுக்கினேன்மா. முன்னாடி பேர் மேல்பெட்டியில, மருந்து கீழ்பெட்டியில. இப்ப எல்லாத்தையும் மேல்பெட்டியிலயே போட்டேன். அவ்வளவுதான். புள்ளியத் தொடவே இல்ல. பழைய பதிப்பையே திருப்பிப் போட்டுடலாமா?"

"போடலாம், அண்ணா. ஆனா எதனால வந்துச்சுன்னு தெரியாம அது மட்டும் சரின்னு எப்படிச் சொல்றது? எப்ப இருந்து இப்படி அடிக்குதுன்னே தெரியலையே. சனிக்கிழமையிலிருந்தா, ஒரு வருஷமாவா?"

அவள் கணினிமுன் உட்கார்ந்தாள். எல்லாக் கோப்புகளிலும் ஒரே நேரத்தில் ஒரு சொல்லைத் தேடும் பெட்டியைத் திறந்தாள். நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். எழுத்துகளை மாற்றிப் போடும் கட்டளையின் பெயரைத் தட்டினாள். முந்நூற்று நாற்பது இடங்கள் வந்து விழுந்தன. ஒன்றொன்றாகப் படித்தாள். தேதியில் கோடு மாற்றுவது, பெயரில் இடைவெளி நீக்குவது, தொலைபேசி எண்ணைச் சீராக்குவது. புள்ளியைத் தொடுவது ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் நின்ற ஏணியின் மூச்சு அவள் உச்சந்தலையில் பட்டது.

மணி பத்தரை. லேபிளின் மேல்பெட்டிக்கு நிரலில் வைத்திருந்த பெயரைத் தட்டினாள். ஒன்பது இடங்கள். ஒன்பதும் சனிக்கிழமை ஏணி எழுதியவை. வேறு எதுவும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை என்று திரை சொன்னது.

"நானும் இதேதாம்மா தேடினேன்" என்றார் ஏணி. "மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தேடினேன். பேரைப் போடுற வரியத் தவிர ஒண்ணுமே வரல. வரலன்னுதான் கை வச்சேன்."

அவள் வேறு விதமாகத் தேடினாள். புள்ளியை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டாள். ஆயிரக்கணக்கில் வந்தது. குறுக்கினாள். எதுவும் வரவில்லை. சுருக்கப் பெயரைப் போட்டாள், தப்பான எழுத்துக்கூட்டலைப் போட்டாள், பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காதே என்று சொல்லிப் போட்டாள். 'முடிவுகள் ஏதும் இல்லை.' 'முடிவுகள் ஏதும் இல்லை.' பிரிண்டரில்தான் கோளாறோ என்று ஒரு கணம் தோன்றியது. பிரிண்டர் கெட்டால் புள்ளி மட்டுமா தொலையும்?

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்த பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. இல்லை என்றால் எங்கே இல்லை? அவள் தேடிய புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதானே.

தேடல் பெட்டிக்குக் கீழே, யாரும் படிக்காத சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. சில கோப்புறைகள் தேடலில் சேர்க்கப்படவில்லை. பக்கத்தில் ஒரு குட்டிப் பொத்தான். அதை அமுக்கிவிட்டு மறுபடியும் தேடினாள்.

ஒன்பது, பத்து ஆனது.

பத்தாவது ஒரு பழைய கோப்புறையில் இருந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் பிரிண்டருக்கும் தனித்தனி அமைப்பு உண்டு; அவற்றைப் பொது நிரலோடு கலக்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த கோப்புறை. ஒதுக்கி வைத்ததால் தேடலும் அதை ஒதுக்கியது. கோப்பைத் திறந்தாள். மூன்றே வரி. மேல்பெட்டியில் எது வந்தாலும் புள்ளியை நீக்கு என்றது முதல் இரண்டு வரி. மூன்றாவது, எழுதியவர் விட்ட குறிப்பு.

'பெயரில் இனிஷியல் புள்ளி வந்தால் பிரிண்டர் நின்றுவிடுகிறது. தற்காலிகம்.'

அதே வரியின் கடைசியில் தேதி, ஏழு வருடத்துக்கு முந்தியது. அதன் பக்கத்தில் அவள் பெயர்.

நினைவு வந்தது. ஒரு மழைநாள். ஏதோ ஒரு பழைய பிரிண்டர் புள்ளியைப் பார்த்தால் முரண்டு பிடித்தது. அடுத்த வாரம் சரியாகச் செய்துகொள்ளலாம் என்று இதை எழுதிப் போட்டாள். பிரிண்டர் ஓடியது. அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. பிறகு யாரோ ஆறு ஆஸ்பத்திரியின் அமைப்பையும் அந்த ஒரே கோப்போடு இணைத்திருக்கிறார்கள். மேல்பெட்டியில் பெயர் மட்டும் இருந்தவரை யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. சனிக்கிழமை மருந்தின் அளவும் அங்கே குடியேறியது.

ஏணி அப்போது பக்கத்தில் இல்லை. தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். ஒதுக்கி வைத்த கோப்புறை என்பதால் அதில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவும் கிடையாது. மூன்றாவது வரியை மட்டும் அழித்தால், யார் எழுதியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. சனிக்கிழமை மாற்றியவர் ஏணி என்பது மட்டும் ஊரறிந்த விஷயமாக நிற்கும். அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததே அவளைப் பயமுறுத்தியது. வலது கையின் விரல் அழிக்கும் விசைமேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, இங்க வாங்க!"

அவர் வந்து குனிந்து படித்தார். படித்துவிட்டு, பெரிதாக மூச்சு விட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அப்ப சனிக்கிழமையிலிருந்துதான்" என்றார், வேறு எதையும் பேசாமல்.

"ஆமா. ஒன்றரை நாள். இப்ப லேபிளத் தேடணும்."

ஆஸ்பத்திரிகளில் அடிக்கும் லேபிள்களின் பதிவு மணிக்கொரு முறை அலுவலகத்துக்கு வந்து சேரும். டாக்டர் பதிந்தது ஒரு பக்கம், அச்சில் விழுந்தது மறுபக்கம். நோயாளியின் பெயர் இருக்காது, கட்டில் எண் மட்டும். ஆறு ஆஸ்பத்திரிகளின் எல்லாப் பதிவுக் கோப்புகளையும் சேர்த்து, இந்த முறை எதையும் ஒதுக்காமல், டாக்டர் பக்கத்தில் இலக்கம், புள்ளி, இலக்கம் என்று வருவதைத் தேடச் சொன்னாள். மொத்தம் எழுபத்தொன்று. அதில் நாற்பது பூஜ்யத்தில் தொடங்குபவை; அந்தப் பட்டியலை உடனே அந்தந்த மருந்தகத்துக்கு அனுப்பினாள். மீதி முப்பத்தொன்று பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாதவை. பதினைந்து. பன்னிரண்டு. இருபத்தைந்து.

முப்பத்தொன்றையும் மூன்றாகப் பிரித்தார்கள். முதலாளி ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வார்டிலும் மழுப்பாமல் சொன்னார்: "எங்க தப்பு. லேபிள்ல இருக்கிறது பத்து மடங்கு."

முதல் முப்பது அழைப்புகளிலும் நல்ல பதில்தான். "டாக்டர் சீட்டைப் பார்த்துத்தான் கொடுத்தோம்." "அவ்வளவு மருந்து இந்த சிரிஞ்சில கொள்ளாது, அப்பவே திருப்பி அனுப்பிட்டோம்." "இன்னும் கொடுக்கல, ட்ரேயில இருக்கு. இருங்க, எடுத்துடறேன்." ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கோடு போட்டாள். நடுவில் கணவர் அழைத்தார். மகளுக்கு மூன்று மணிக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. இருவரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நீங்க மட்டும் போங்க. என்னால முடியாது."

"என்ன ஆச்சு? குரலே சரியில்ல."

"அப்புறம் சொல்றேன். வையுங்க, லைன் வேணும்."

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஒரே ஒரு வரி மிச்சம். ஆண்கள் வார்டு, கட்டில் பதினேழு, 2.5 மில்லி. படபடப்பு அடங்கித் தூங்குவதற்குக் கொடுக்கும் மருந்து. வார்டு தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை ஒரு நர்ஸ் எடுத்தார்.

"பதினேழா? காலையில ஏழு மணிக்கே கொடுத்தாச்சே. ரெண்டு நாளா தூங்காத மனுஷன், இப்பதான் நல்லாத் தூங்குறார்."

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"நான் இல்ல, காலை ட்யூட்டியில வேற வார்டுலேர்ந்து வந்தவங்க. இருங்க... இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்காங்க."

"சிஸ்டர், அது ரெண்டரை. அவர எழுப்புங்க. டாக்டரக் கூப்பிடுங்க. உடனே!"

ரிசீவரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. ஓடும் காலடிச் சத்தம். "ஐயா! ஐயா!" என்று தூரத்தில் ஒரு குரல். கன்னத்தில் தட்டும் சத்தமும் கேட்டதோ, அவளாக நினைத்துக்கொண்டாளோ. பிறகு ஒரு வண்டியின் சக்கரச் சத்தம். அப்புறம் யாரோ ரிசீவரை எடுத்து, அவள் இருப்பது தெரியாமல், வைத்துவிட்டார்கள்.

கட்டிலில் இருந்தவருக்கு எழுபத்தொரு வயது என்பதும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதும் பன்னிரண்டு மணிக்குத் தெரிந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"நீ போய் என்ன பண்ணப் போற?" என்றார் முதலாளி. "போனாலும் வாயத் திறக்காத. ஆஸ்பத்திரிக்காரங்க பேசிக்குவாங்க."

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே பச்சை நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பஸ் கண்டக்டர் சீருடையில் ஒரு பெண், டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் வண்டியை விட்டு இறங்கி வந்திருக்க வேண்டும். பெரியவரின் மகள்.

"மருந்து கூடிடுச்சுங்கிறாங்க. எப்படிக் கூடும்? யாரைக் கேட்டாலும் டாக்டர் வருவார், டாக்டர் வருவார்ங்கிறாங்க. நீங்க இங்க வேலை பார்க்கிறீங்களா?"

தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம்.

"இல்லைங்க. மருந்துல ஒட்டுற லேபிளை அடிக்கிற புரோகிராம் எங்க கம்பெனியோடது. ரெண்டரைன்னு வர வேண்டியது இருபத்தஞ்சுன்னு வந்துடுச்சு. அதுக்குக் காரணமான வரிய எழுதினது நான்."

கண்டக்டர் எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்றே இவள் நினைத்தாள், விலகவில்லை. அந்தப் பெண்ணின் உதடு துடித்தது.

"உக்காருங்க" என்றாள் கடைசியில். "எங்கப்பா கண்ணு முழிக்கிற வரைக்கும் நீங்க இந்த இடத்த விட்டு எழுந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தாள். மணி ஒன்று, இரண்டு, மூன்று. மகள் மேடை ஏறியிருப்பாள் என்று நினைத்தாள். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். வேறு யாருக்காவது இருக்கும். நான்கு மணிக்கு ஒரு டாக்டர் வந்து, மூச்சு சீராக இருக்கிறது, ஆனால் இப்போதே ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். கண்டக்டர் அவர் போன பிறகு பையிலிருந்து டிக்கெட் கட்டை எடுத்து, ஒரு காரணமும் இல்லாமல், சரசரவென்று ஓரத்தை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தில் இவளுக்குப் பல் கூசியது. பொறுத்துக்கொண்டாள்.

ஆறு இருபதுக்கு நர்ஸ் கதவைத் திறந்தார். "முழிச்சிட்டார். பேசுறார். காலையிலேர்ந்து பட்டினி போட்டுட்டீங்களேன்னு என்கிட்ட சண்டை போடுறார்."

கண்டக்டர் உள்ளே ஓடினாள். கதவு மூடுவதற்குள் திரும்பிப் பார்த்து, "போங்க" என்றாள். மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வெறும் 'போங்க'. இவள் எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது; சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தாள். பேச்சுப் போட்டியில் மகளுக்கு இரண்டாம் பரிசு. அம்மா வராத கோபத்தில் அந்தச் சான்றிதழைக் காட்டவில்லை. நடந்ததை அவள் சொல்லி முடித்த பிறகு, கணவர் தட்டில் சோற்றைப் போட்டபடி, "உன் பேர் இருந்த வரிய ஏணி பார்க்கிறதுக்கு முன்னாடி அழிச்சிடத் தோணலையா?" என்று கேட்டார்.

"அழிக்கிறதுக்குக் கை போச்சு, ஒரு நிமிஷம். உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

கேட்டுக்கொண்டிருந்த மகள் உள்ளே போய்ச் சான்றிதழை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியின் விசாரணைக்கான அறிக்கையை அவளே எழுதினாள். முதலாளி சனிக்கிழமை மாற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே என்றார். அவள் ஏழு வருடத்துக்கு முந்திய தேதியையும் தன் பெயரையும் முதல் பத்தியிலேயே வைத்தாள். கேட்ட உடனே பிரிண்டரை நிறுத்தியவர் முதலாளி என்பதையும் எழுதினாள். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பெரியவர் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனார். அந்த ஆஸ்பத்திரி மாதக் கடைசியில் அவர்கள் மென்பொருளைக் கைவிட்டது. மற்ற ஐந்தும், லேபிளை இரண்டு பேர் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்ற புதிய விதியோடு தொடர்ந்தன.

ஒதுக்கி வைத்திருந்த கோப்புறைகள் எல்லாவற்றையும் அவளும் ஏணியும் பொது நிரலுக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு ஏழு வாரம் பிடித்தது. வரிக்கு வரி இருவரும் வாய்விட்டுப் படித்தார்கள், ஒருவர் படிக்க மற்றவர் கேட்க. பக்கத்து மேசைக்காரர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.